பாலையில் பெயர் காத்தவர்

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வட அமெரிக்கப் பெருநிலத்தின் தென்மேற்கில், நியூமெக்சிகோ, அரிசோனா என்னும் இரு மாநிலங்களிலுமாகப் பரந்து கிடக்கின்றது ஒரு பாலை. பாலை என்றதும் மணற்குன்றும் வெறுமையுமே நினைவிற் கொண்டு செல்வார்க்கு அந்நிலம் வியப்பையே தரும். எங்கும் செந்நிறப் பாறைகள். உச்சி பலகைபோல் தட்டையாக வெட்டிவிட்ட குன்றுகள். குன்றுச் சரிவுகளில் குட்டையான ஊசியிலை மரங்கள். குளிர்காலத்திற் பனி பொழியும். கோடை முதிர்கையில் இடிமழை ஒன்று கொட்டி, வறண்ட ஓடையை ஒரே மாலையிற் காட்டாறாக்கிவிடும். மறுநாட் காலை அங்கே மணல்தான் இருக்கும். இந்நிலத்தின் ஊடே வடக்கிருந்து தெற்காக ஓடுகின்றது இரியோ கிராந்தே. இசுபானிய மொழியில் அப்பெயர்க்குப் 'பேராறு' என்பதே பொருள். பெரும்பாலான நாள்களில் அதனைப் பேராறு என்று சொல்லக் கண்ட கண் கூசும்.

இத்தகைய நிலத்தில், மழையை எண்ணி எண்ணி வாழ்ந்து, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைத்து, கல்லாலும் சுடாத பச்சைக்கல்லாலும் அடுக்கடுக்காக மனைகள் எழுப்பி, ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக ஊரமைத்து வாழ்ந்து வருகின்றனர் ஒரு முதுகுடி மக்கள். அவர்களை உலகம் 'புவெப்லோ' மக்கள் என அழைக்கின்றது. அச்சொல் அவர்கள் மொழிச் சொல் அன்று. 'ஊர்' எனப் பொருள்தரும் இசுபானியச் சொல் அது. அலைந்து திரியாமல் ஊர்கட்டி வாழ்வோரைக் கண்ட இசுபானியர், அவர்தம் ஊரையும் 'ஊர்' என்றனர். ஊரில் வாழ்ந்தோரையும் 'ஊர்' என்றே எழுதிச் சென்றனர். ஒரு பெருங்குடிக்கு, அயலான் வாயிலிருந்து அவன் மொழியில் உதிர்ந்த பொதுச்சொல்லே பெயராய் நிலைத்துவிட்டது.

உண்மையில் அவர் ஒரே மொழியினரும் அல்லர். நியூமெக்சிகோவில் உள்ள ஊர்கள் 19. அரிசோனாவில் ஓப்பி மக்களின் ஊர்கள் தனியே உள. தெவா, தீவா, தோவா என்னும் மூன்று மொழிகள் ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை. கேரெசு மொழிக்கு உறவுமொழி எதுவும் உலகில் உறுதி செய்யப்படவில்லை. சூனி மொழியும் அங்ஙனமே தனித்து நிற்பது. ஓப்பி மொழியோ வேறொரு பெருங்குடும்பத்தின் கிளை. ஓர் ஊரிலிருந்து ஒரு பகல் நடந்தால் மொழி மாறிவிடும். மனையமைப்பும் வேளாண்மையும் மழைவேண்டும் விழாவும் ஒத்தேயிருக்கும்.

அங்குச் செல்வார் முதலிற் காண விழைவது சாக்கோ என்னும் பள்ளத்தாக்கு. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை இம்மக்களின் முன்னோர் எழுப்பிய பெருமனைகள் அங்கே இடிந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது 600க்கு மேற்பட்ட அறைகளோடு அரைவட்ட வடிவில் நாலடுக்காய் நின்ற மாளிகை. கூரைக்கு வேண்டிய மரங்கள் அப்பள்ளத்தாக்கில் இல்லை. 50 கல்லுக்கும் அப்பாலுள்ள மலைகளினின்று, வண்டியும் பொதிவிலங்கும் இல்லாத அக்காலத்தில், மாந்தர் தோளே அவற்றைச் சுமந்து கொணர்ந்தது. 1987ஆம் ஆண்டு யுனெசுகோ அமைப்பு அதனை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

அம்மாளிகையின் பெயர் என்ன? 'புவெப்லோ பொனீத்தோ' என்கின்றன வழிகாட்டி நூல்கள். 'அழகிய ஊர்' என்பது பொருள், அதுவும் இசுபானியமே. அதைக் கட்டியோரை ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் 'அனசாசி' என்று எழுதி வந்தனர். அஃது அண்டை இனத்தாராகிய நாவகோ மக்களின் சொல். 'பகைவரின் முன்னோர்' என்பதாக அதற்குப் பொருள் கூறுவர். பாட்டனைப் பகைவன் என்று பிறர் வைத்த பெயரால் பேரன் முன்னிலையிலேயே அழைப்பது எத்துணைப் பேதைமை! அப்பேரன்மார் இது தகாது எனத் தொடர்ந்து கூறிவந்தனர். இன்று அரசின் பலகைகளும் நூல்களும் 'புவெப்லோ முன்னோர்' என மாற்றி எழுதுகின்றன. ஓப்பி மக்களோ தம் மொழியில் 'ஈசாத்சினோம்' என்கின்றனர். 'நெடுங்காலத்திற்கு முன் வாழ்ந்தோர்' என்பது அதன் பொருள். அவ்வோப்பி மக்களையே அரசு 'மோக்கி' என்னும் பெயரால் எழுதிவந்தது. அச்சொல் அவர்தம் மொழியிற் 'செத்தார்' எனும் சொல்லோடு ஒலியால் ஒத்தது. உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று அரசேட்டில் எழுதினால் எவன் பொறுப்பான்? 20ஆம் நூற்றாண்டிற்றான் அது நீங்கி, ஓப்பி என்னும் சொந்தப் பெயர் ஏட்டில் ஏறிற்று.

இனி ஆக்கோமாவிற்குச் செல்வோம். சமவெளியில் ஏறத்தாழ 360 அடி செங்குத்தாய் எழுந்து நிற்கும் ஒரு பாறைக் குன்றின் உச்சியில் உள்ளது அவ்வூர். முற்காலத்தில் பாறையிற் குடைந்த கைப்பிடிக் குழிகளைப் பற்றியே ஏறுவர். இன்றும் அம்மேலூரில் மின்விளக்கில்லை, குழாய் நீரில்லை. பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரே பழைய நீர்நிலை. பெரும்பாலோர் கீழேயுள்ள ஊர்களில் வாழ்ந்து, விழா நாளில் மேலூர் மனைக்கு ஏறிவருவர். ஒரு சில குடும்பங்களே ஆண்டு முழுதும் அங்குத் தங்குவன. வெளியார் தாமே ஏறிச் செல்ல ஒண்ணாது. ஊரார் ஒருவர் உடன்வந்து காட்டுவார்.

1598ஆம் ஆண்டு திசம்பரில் இக்குன்றின்மேல் இசுபானியர்க்கும் ஆக்கோமா மக்கட்கும் சண்டை மூண்டது. உணவுப்பொருள் கேட்டு ஏறிவந்த படையினருள் தலைவனும் பத்துப்பன்னிருவரும் மாண்டனர். அடுத்த சனவரியில் ஆளுநன் உவான் தெ ஒன்யாத்தே விடுத்த படை பீரங்கியோடு வந்து ஊரை அழித்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். எஞ்சினோர்க்கு வழங்கிய தீர்ப்பு ஏட்டில் இன்றும் இருக்கின்றது: 25 அகவைக்கு மேற்பட்ட ஆடவர்க்கு ஒரு காலடியைத் துணித்து 20 ஆண்டு அடிமை வேலை, 12 அகவைக்கு மேற்பட்ட இளைஞர்க்கும் மகளிர்க்கும் 20 ஆண்டு அடிமை வேலை. அக்கொடுமைக்காகப் பின்னர் இசுபானிய அரசே ஒன்யாத்தேவைக் குற்றவாளி எனக் கண்டு நியூமெக்சிகோவினின்று வெளியேற்றியது.

அதே மக்களைக் கொண்டுதான் 1629ஆம் ஆண்டு முதல் குன்றின்மேல் பெருங்கிறித்துவக் கோயில் ஒன்றும் கட்டப்பெற்றது. அதன் கூரை உத்தரங்கள் 30 கல்லுக்கு அப்பாலுள்ள மலையிலிருந்து வந்தன. இடுகாட்டு மண்ணும் கீழிருந்தே கூடை கூடையாக ஏறிற்று. காண்போர் அக்கோயிலின் சுவரழகைப் பாராட்டுவர். சுமந்த தோள்களை ஆக்கோமா வழிகாட்டிகளே நினைவூட்டவேண்டியுள்ளது.

400 ஆண்டுகள் கழிந்தும் அக்காலடிகளை அந்நிலம் மறக்கவில்லை. இரியோ கிராந்தே பள்ளத்தாக்கில் ஒன்யாத்தேக்கு வெண்கலத்தில் குதிரைமேற் சிலை எழுப்பியிருந்தனர். 400ஆம் ஆண்டு விழா நெருங்கிய வேளையில், இரவோடு இரவாக அச்சிலையின் வலக்காலடியை யாரோ அறுத்துச் சென்றுவிட்டனர். புதுக்காலடி வார்த்துப் பொருத்தினர். 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் சிலையே எடுக்கப்பட்டது.

ஆக்கோமாவிற்கு மேற்கே, சூனி ஊருக்குச் செல்லும் வழியில் எல் மொர்ரோ என்றொரு பாறை முகடு. அதன் அடியில் வற்றாத சுனை. பாலையில் நீர் கண்டவர் தங்குவர். தங்கியவர் பெயர் பொறிப்பர். 1605ஆம் ஆண்டு ஒன்யாத்தே 'இவ்வழியே சென்றான்' என்று பொறித்த எழுத்து இன்றும் தெளிவாக உள்ளது. பின்வந்த இசுபானியரும் அமெரிக்கப் படையினரும் குடியேறிகளும் அப்படியே வரைந்துவைத்தனர். இவ்வளவுக்கும் முன்னரே இம்மக்களின் முன்னோர் அதே பாறையில் விலங்கும் உருவும் கையும் செதுக்கியிருந்தனர். சூனி மக்கள் அவ்விடத்திற்கு இட்ட பெயர் 'அத்சினா'. 'பாறையெழுத்து உள்ள இடம்' என்பது அதன் பொருள். இசுபானியன் வைத்த பெயர் முகட்டின் வடிவைக் காட்டுவது. சூனி மக்களின் பெயரோ அங்கு நிகழ்ந்ததைக் காட்டுவது. சூனி மக்கள் தம்மைத் தாமே 'ஆசிவி' என அழைப்பர். பொன் வேய்ந்த ஏழு நகர்கள் உள எனக் கேட்டு 1540ஆம் ஆண்டு கொரொனாதோ படையோடு அங்குத்தான் வந்தான். அவன் கண்டது மண்சுவரும் சோளமும். நீலம், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எனப் பல நிறத்தில் விளையும் அச்சோளத்தையே பொன்னினும் மேலாகப் போற்றியோர் அவ்வூரார். (அமெரிக்க முதுகுடியினர் பண்படுத்திய அம்மக்காச்சோளந்தான் பின்னர்க் கடல்கடந்து தமிழகத்துக் கொல்லைகளிலும் வந்து விளைந்தது.)

இம்மண்ணின் தலையாய வரலாறு தெவா மொழி வழங்கும் ஓக்கே ஓவிங்கேயில் தொடங்குகின்றது. 'வலியோர் உறைவிடம்' என அப்பெயர்க்குப் பொருளுரைப்பர். 1598இல் ஒன்யாத்தே அங்கு வந்து 'சான் உவான்' எனப் பெயர் மாற்றினான். அதன் அருகிலேதான் இசுபானியரின் முதல் தலைநகரும் அமைந்தது. அதன்பின் 80 ஆண்டுகள் ஊர்மக்கள் சோளமும் துணியும் திறையாகக் கொடுத்தனர், கூலியின்றி உழைத்தனர். நிலத்தடியில் அமைந்த 'கீவா' எனும் வழிபாட்டறைகளைப் பாதிரிமார் இடித்தனர். வழிபாட்டு முகமூடிகளை எரித்தனர். 1675ஆம் ஆண்டு ஆளுநன் 47 சமயப் பெரியோரைச் சூனியக்காரர் எனப் பழிகூறிப் பிடித்தான். நால்வர்க்குத் தூக்கு எனத் தீர்ப்பாயிற்று, ஏனையோர்க்குக் கசையடி. தெவா மறவர் படையாய்த் திரண்டு சென்று தலைநகர் சாந்தா பேயில் எஞ்சியோரை மீட்டனர். அங்ஙனம் அடிபட்டு மீண்டவருள் ஒருவர் ஓக்கே ஓவிங்கேயின் போப்பே.

ஐந்தாண்டுகள் அவர் திட்டமிட்டார். மொழி வேறு வேறான ஊர்கள், இடையே நூற்றுக்கணக்கான கல் தொலைவு, எழுத்தில்லை, குதிரையேற இசைவில்லை. அவர் விடுத்த ஓலை ஒரு முடிச்சிட்ட கயிறு. ஓட்டர்கள் அதனை ஊர்தோறும் கொண்டோடினர். நாளுக்கொரு முடிச்சை அவிழ்க்கவேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாள் எல்லா ஊரும் ஒருங்கே எழவேண்டும். அக்கயிற்றைப் படிக்க எந்த மொழியும் வேண்டுவதில்லை! இரண்டு ஓட்டர்கள் பிடிபட்டனர். செய்தி கசிந்ததென அறிந்ததும் நாளை முன்னிழுத்து, 1680ஆம் ஆண்டு ஆகத்து 10இல் ஊர்கள் எழுந்தன. 21 பாதிரிமார் உள்ளிட்டு 400 இசுபானியர் அளவில் மாண்டனர். சாந்தா பே முற்றுகையிடப்பட்டு, நீர்க்கால் அடைக்கப்பட்டது. ஆகத்து 21இல் ஆளுநன் எஞ்சியோரைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தான். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அம்மண்ணில் இசுபானிய ஆட்சி இல்லை.

வென்றபின் போப்பே இட்ட ஆணைகள் எவை? அடுத்த ஆண்டு இசுபானியர் திரும்பிவர முயன்றபோது பிடிபட்டோர் கூறிய வாய்ச்சான்றுகளில் அவை பதிவாகியுள்ளன. திருமுழுக்கில் இட்ட பெயரை விடவேண்டும். ஆற்றில் இறங்கி நுரைதரும் வேரால் உடலைத் தேய்த்துக் குளித்து அம்முழுக்கைப் போக்கவேண்டும். இசுபானிய மொழியைக் கற்பிக்கலாகாது. இசுபானியர் கொணர்ந்த விதைகளை எரித்து முன்னோர் பயிரான சோளமும் அவரையுமே விதைக்கவேண்டும். எல்லா ஆணைக்கும் மக்கள் பணிந்தனர் என்றும், விதை பற்றிய ஆணையை மட்டும் சிலர் மீறினர் என்றும் ஒரு முதியவர் உரைத்தார். மீறியவர் பிழை செய்தார் என்று சொல்வதற்கில்லை. கோதுமையும் ஆடும் குதிரையும் அவர்களிடம் நின்றுவிட்டன. இன்று அவ்வூர் முற்றங்கள்தோறும் இசுபானியர் காட்டிய வகையில் கட்டிய குவிமண் அடுப்புகள் ரொட்டி சுடுகின்றன. வயிற்றுக்கு உதவுவதை ஏற்பதும் வாயிலிருந்து மொழியைப் பறிகொடுப்பதும் ஒன்றல்ல என அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

1692ஆம் ஆண்டு இசுபானியர் மீண்டனர். ஊர்களின் ஒற்றுமை அதற்குள் குலைந்துவிட்டது. 1696இல் மற்றுமோர் எழுச்சி அடக்கப்பட்டது. ஆயினும் மீண்டுவந்த ஆட்சி பழைய ஆட்சியாக இல்லை. பழைய திறைமுறை திரும்பவில்லை. கீவாக்களை இடிக்கும் வெறியும் தணிந்தது. ஊர்நிலங்கள் ஊர்க்கே என ஏற்கப்பட்டன. இன்று வாசிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் மாநிலத்திற்கு இருவர் என வைத்த சிலைகளுள் நூறாவது போப்பேயினது. 2005ஆம் ஆண்டு வைக்கப்பட்டது. ஏமெசு ஊரைச் சார்ந்த கிளிபு பிராகுவா செதுக்கியது. போப்பேயின் முகத்தோற்றம் எந்த ஏட்டிலும் இல்லை. சிற்பி கையில் முடிச்சுக் கயிற்றையும் முதுகிற் கசையடித் தழும்பையும் அமைத்தார். அதே 2005இல் அவர் பிறந்த ஊர் 'சான் உவான்' என்னும் பெயரை விடுத்து 'ஓக்கே ஓவிங்கே' ஆயிற்று. நான்காண்டுகள் கழித்துச் 'சாந்தோ தொமிங்கோ' என்றிருந்த ஊரும் 'கேவா' எனத் தன் பெயரை மீட்டது.

மீளாத ஊர்களும் உள. பேகோசு ஒரு காலத்தில் சமவெளி இனத்தாரோடு நடந்த வாணிகத்தின் வாயிலாய் இருந்த பேரூர். நோயும் போரும் தின்று, 1838ஆம் ஆண்டு எஞ்சிய இருபதுக்கும் குறைந்தோர் ஊரை விட்டு நடந்து, தம்மைப்போல் தோவா மொழி பேசும் ஏமெசு ஊரில் அடைந்தனர். 1915 முதல் அவ்வெற்றூரைத் தோண்டிய ஆராய்ச்சியாளர், ஏறத்தாழ 2,000 முன்னோர் எலும்புகளை எடுத்து ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் அடுக்கி வைத்தனர். 1999ஆம் ஆண்டு அவை திரும்பின. ஏமெசு மக்கள் பலநாள் கால்நடையாக வந்து பேகோசு மண்ணில் அவற்றை மீண்டும் அடக்கம் செய்தனர். ஏமெசு ஊராட்சியின் துணைத்தலைவருள் ஒருவர் இன்றும் பேகோசின் தலைவர் எனும் பெயரைத் தாங்குகின்றார். ஆளில்லாத ஊருக்குத் தலைவரா எனச் சிரிப்பாரும் இருக்கலாம். ஏமெசில் எவரும் சிரிப்பதில்லை.

வடகோடியில் தாவோசு. பனிமலையின் அடியில், ஓர் ஓடைக்கு இருபுறமும் நாலைந்து அடுக்காய் நிற்கும் இரண்டு மண்மாளிகைகள். 1992 முதல் உலக மரபுரிமை இடம். ஊர்வாயிலருகே இடிந்த மணிக்கூண்டு ஒன்றும் அதைச் சூழ்ந்த இடுகாடும் உள. 1847இல் அமெரிக்கப் படைக்கு அஞ்சிக் கோயிலுட் புகுந்தோரைப் பீரங்கியாற் சுட்ட இடம் அது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அவ்வோடை மலைமேலுள்ள நீலஏரியிலிருந்து வருவது. ஏரியே தாவோசு மக்களின் பெருங்கோயில். 1906ஆம் ஆண்டு அரசு அதனைக் காட்டுத்துறை நிலமாக எடுத்துக்கொண்டது. விலை தருகிறோம் என்றனர், மக்கள் வாங்கவில்லை. 64 ஆண்டுகள் ஒரே வேண்டுகோளோடு வாசிங்டனுக்கு நடந்தனர். 1970ஆம் ஆண்டு திசம்பர் 15இல் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட, 48,000 ஏக்கர் திரும்பியது. வெளியார் எவரும் இன்று அவ்வேரிக்குச் செல்லவியலாது. தாவோசு மக்கள் தம் தீவா மொழியை எழுத்திலிடவும் ஒப்புவதில்லை. வெளியார்க்குக் கற்பிக்கவும் ஒப்புவதில்லை. ஈராயிரம் ஆண்டு எழுத்துடைமை பற்றிப் பெருமை கொள்ளும் இவ்வவைக்கு இது வியப்பாகவே தோன்றும். எழுதியதை எவனும் எடுத்துச் செல்லலாம்; ஏரியை எடுத்துச் சென்றவர்களை அவர்கள் பார்த்திருக்கின்றனர்.

இசுபானியரினும் மொழிக்குப் பெருங்கேடு செய்தது பின்வந்த பள்ளிக்கூடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அரசு தங்கற்பள்ளிகள் அமைத்துச் சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது, முடியை வெட்டிற்று, ஆங்கிலப் பெயரிட்டது, தாய்மொழி பேசியோரை ஒறுத்தது. கசைக்கு அஞ்சாத மொழி வகுப்பறைக்கு அஞ்சிற்று. அத்தகைய பள்ளிகளிற் பயின்றவருள் ஒருவர் ஓக்கே ஓவிங்கேயின் எசுதர் மார்த்தினெசு அம்மையார். தெவா மொழியில் அவர் பெயர்க்கு 'நீலநீர்' என்று பொருள். பிற்காலத்தில் ஊர்ப்பள்ளியில் தெவா மொழியைக் கற்பித்தார். 1982இல் தம் ஊர்த் தெவா மொழிக்கு அகரமுதலி தொகுத்தளித்தார். பாட்டியர் கதைகளைச் சிறுவர்க்கு அம்மொழியிலேயே சொன்னார். 2006ஆம் ஆண்டு, 94ஆம் அகவையில், வாசிங்டனிற் பெருஞ்சிறப்பு ஒன்றைப் பெற்று ஊர் திரும்பிய வழியில் ஊர்தி மோதி மறைந்தார். அவ்வாண்டு இறுதியில் முதுகுடி மொழிகளைக் காக்கப் பொருளுதவும் சட்டமொன்று அவர் பெயராலேயே நிறைவேறியது. ஒறுத்த அரசே பெயர் சூட்டியது. இடையில் மூன்று தலைமுறை கழிந்துபோயிற்று.

இறுதியாக அரிசோனாவில் ஆனோ என்னும் சிற்றூர். ஓப்பி நிலத்தின் முதற்குன்று எனப்படும் ஒடுங்கிய பாறைமேல் மூன்று ஊர்கள் ஒட்டியொட்டி நிற்கின்றன. இரண்டு ஓப்பி ஊர்கள். மூன்றாவதாகிய ஆனோவில் வாழ்வோர் தெவா மொழியினர். 1696ஆம் ஆண்டின் எழுச்சி தோற்றபின் இரியோ கிராந்தேயை விட்டு மேற்கே சென்ற கூட்டத்தின் வழிவந்தோர். தம் எல்லையைக் காக்க ஓப்பித் தலைவர்களே அழைத்தனர் என்பது தெவா மக்களின் மரபுரை. வந்து பகைவரை விரட்டியும், சொன்னபடி நிலமும் உணவும் தராமல் இழிவுசெய்தனர் என்பதும் அவ்வுரையின் பகுதி. அப்பொழுது தெவாக் குடித்தலைவர்கள் ஒன்று செய்தனர். இரண்டூர்க்கும் இடையில் ஒரு குழி தோண்டினர். ஓப்பித் தலைவர்களை அதில் உமிழச் சொன்னர். அதன்மேல் தாமும் உமிழ்ந்தனர். குழியை மூடினர். "எம் மொழியும் எம் வழிபாடும் உமக்கு எட்டாதவாறு இங்கே மூடப்பட்டன, உம் மொழியை யாம் கற்போம், எம் மொழியை நீவிர் ஒருகாலும் கற்கமாட்டீர்" என்னும் கருத்துப்படச் சூளுரைத்தனர்.

மரபுரை எவ்வாறாயினும் ஆகுக. மொழியறிஞர் அங்குச் சென்று பல்லாண்டு ஆராய்ந்து கண்ட உண்மை அதனினும் வியப்பானது. மூன்று நூற்றாண்டுகளாக ஆனோ மக்கள் ஓப்பி மக்களிடையே வாழ்கின்றனர், பெண்கொடுத்துப் பெண்கொள்கின்றனர், ஓப்பி மொழியைத் தாய்மொழிபோற் பேசுகின்றனர். ஆயினும் அவர்தம் தெவா மொழியிற் கலந்துள்ள ஓப்பிச் சொற்கள் ஒன்றிரண்டே! புதுப்பொருள் வந்தால் தம் சொல்லாலேயே புனைந்து பெயரிடுகின்றனர். கீவாவில் நிகழும் வழிபாட்டுரையே அவர்க்கு மொழியின் அளவுகோல். அங்கு அயற்சொல் வழங்கினால் ஒறுப்பு உண்டு. அத்தூய்மையே முற்றத்திற்கும் சந்தைக்கும் பரவிநிற்கின்றது என அறிஞர் பால் குரோசுகிரிட்டி 1993இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தனிச்சொல் வழங்குதல் இயலாத கனவு என உரைப்பார்க்கு இச்சிற்றூரின் முகவரியைத் தரலாம். அறிஞர் துணையின்றி, அரசின் துணையின்றி, ஒரு பாறைமேல் வாழும் சில நூறு உழவரும் குயத்தியரும் செய்துகாட்டியது அது. புகழ்மிக்க குயத்தி நாம்பேயோ பிறந்த ஊரும் அதுவே.

ஆனால், இன்று அங்குச் செல்வார் கேட்கும் சிறுவர் பேச்சு பெரிதும் ஆங்கிலம். ஓப்பிக்கு எதிரே தோண்டிய குழிபோல் தொலைக்காட்சிக்கு எதிரே எவரும் தோண்டவில்லை. கேரெசு மொழி வழங்கும் கோச்சித்தி ஊரில் 2012ஆம் ஆண்டு சிறுவர்க்கான மொழிக்கூடம் ஒன்றைத் தொடங்கினர். சிறுவரோடு அங்கே கேரெசு மொழியிலேயே பேசுவர். எழுதிக் கற்பிக்கும் வழக்கம் அம்மொழிக்கு இல்லையாதலின் வாயும் செவியுமே நூல். அவர்கள் பாட்டியரை வகுப்பறைக்கு அழைத்துவருகின்றனர். வேறு வழியுமில்லை, மொழியைத் தடையின்றிப் பேசுவோர் அவர்தாம்.

கேவாவில் ஆண்டுதோறும் ஆகத்து 4ஆம் நாள் சோள ஆடல் நிகழும். கடும்வெயிலில், நூற்றுக்கணக்கானோர் கைக்கிளையும் பைங்கொத்தும் ஏந்தி, முழவொலிக்கு ஒத்து நாள்முழுதும் ஆடுவர். வெளியார் ஓரமாய் நின்று காணலாம். ஒளிப்படம் எடுத்தல் ஆகாது, வரைதல் ஆகாது, ஒலிப்பதிவு ஆகாது. ஆடல் ஒரு சுற்று முடிந்ததும் சுற்றுலாவினர் சிலர் பழக்கத்தாற் கைதட்டப் போவர். அருகில் நிற்கும் ஊரார் ஒருவர் மெல்லத் தலையசைத்துத் தடுப்பார். அவர்கள் மழையை வேண்டிக்கொண்டிருக்கின்றனர்.